நான்கு தாளில் ரமாவின் நடை

நமோ புத்தாய

புளியந்தோப்பு,
ஜூலை 14

அன்பு மகள் மதிக்கு அப்பா நீலமேகம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பேத்தி ரமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் எழுதப் போவதைப் படிக்கும்போது நடுவில் உனக்குப் பதறும், அப்போது திரும்ப மேலே வந்து இந்த வரியைப் படித்துக்கொள். நீயும் அந்த ஜெர்மன் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, திடமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். இரண்டு காரணம். இந்த உறையில் மடித்து வைத்திருக்கும் நான்கு பழுப்புத் தாளையும் போனில் காட்டினால் உனக்கு விளங்காது, தரையில் விரித்துப் பார்க்க வேண்டும். கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் அவற்றைப் பிரிக்காதே. இன்னொன்று, வாயால் பேசும்போது நான் வியாபாரி, பேச்சை எந்த இடத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்தவன், மூன்று மாதமாக உன்னிடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எழுத்தில் அந்த வேலை நடக்காது.

முதலில் வீட்டுச் சேதி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். மாப்பிள்ளை பாரி போன வாரம் கப்பலிலிருந்து பேசினார், டிசம்பரில்தான் இறங்குவாராம், சாப்பாடு சரியில்லை என்றார், குரல் தெளிவாக இருந்தது. டோல்கேட்டில் நம் செருப்புக் கடை வாசலில் மறுபடியும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஸ்கூல் திறக்கிற சமயத்தில் கறுப்பு ஷூ வாங்க வந்தவர்கள் எல்லோரும் பலகை மேல் நடந்துதான் உள்ளே வந்தார்கள், அப்படியும் வந்தார்கள். நம் பிளாக்கில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. ரமாவுக்குப் பல் மொத்தம் பன்னிரண்டு, எனக்கு மிச்சம் இருப்பதைவிட ஒன்றிரண்டுதான் குறைவு என்று உன் அம்மா சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்போது விஷயம். ஏப்ரல் மாதத்திலிருந்து வீடியோவில் ரமாவை நான் இடுப்புக்கு மேல்தான் உனக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ கவனித்திருப்பாய். ஒரு தடவை கேட்கவும் கேட்டாய், போனைக் கொஞ்சம் கீழே காட்டுப்பா, அவள் பாதம் உள்பக்கம் திரும்புகிற மாதிரி இருக்கிறதே என்று. நான் போனைச் சாய்த்துப் பிடித்தேன், அதனால் அப்படித் தெரிகிறது என்று சொன்னேன். போன் சாயவில்லை மதி. பாதம்தான் திரும்பியிருந்தது. இரண்டு பாதமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கிற மாதிரி, பெருவிரல் இரண்டும் உள்ளே வந்து, இடது கொஞ்சம் அதிகம், வலது கொஞ்சம் கம்மி. ஓடினால் தன் காலே தன்னைத் தடுக்கி விழுவாள், எழுந்து மறுபடி ஓடுவாள்.

மார்ச் மாதம் நம் வீட்டு வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தாளே, நீ அன்றைக்கு வேலையில் இருந்தாய், மறுநாள்தான் உனக்குச் சொன்னோம், அந்த நாலு அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் கோணி விரித்து ரப்பர் செருப்பு விற்ற நாளிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் ஜனங்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய செருப்பைக் கழற்றி வைத்தால் போதும், தேய்ந்த இடத்தைப் பார்த்தே இந்த ஆள் எப்படி நடப்பான், எந்த முட்டி வலிக்கும் என்று சொல்வேன். கைக்குழந்தைகளுக்கு அளவு எடுக்கப் பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போடுவோம் இல்லையா, ரமா ஒரு நிமிஷம் நிற்க மாட்டாள் என்பதால் நான் ஒரு வழி செய்தேன். தட்டில் தண்ணீர் விட்டுச் சொட்டு நீலத்தைக் கலந்து, அவள் பாதத்தை அதில் தொட்டு, செருப்பு டஜன் கட்டு சுற்றி வருகிற பழுப்புத் தாளை வராந்தாவில் நீட்டிப் போட்டு, அதன் மேல் நடக்க விட்டேன். அதுதான் முதல் தாள். தேதி ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் பயந்தது அந்தத் தாளில் அப்படியே பதிந்திருந்தது. உடனே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நீ போனில் அழுதாய். பிள்ளை நடக்கிறதை அடுத்தவன் வாயால் கேட்க வேண்டியிருக்கு, அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா மறைக்காம சொல்லிடுப்பா, வேலை போனா போவுது, அன்னிக்கே கிளம்பிடுவேன் என்று சொன்னாய். நீ அந்த வேலைக்கு எப்படிப் போனாய் என்று எனக்குத் தெரியும். வயிற்றில் ரமாவை வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி ஜெர்மன் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாய். செப்டம்பர் பரீட்சை ஒன்றைத் தாண்டிவிட்டால் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டாய். இந்த நேரத்தில் ஒரு கால் விரல் உள்ளே திரும்பியதற்காக நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று பயந்தேன். நீ பார்ப்பதற்குள் நானே நிமிர்த்திவிடலாம் என்று நினைத்தேன். என் தொழிலே அதுதானே என்ற திமிர் வேறு.

என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நம் கடைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணே இது கால் உள்ளே போவுது என்று யார் சொன்னாலும் நான் சொல்கிற வழி ஒன்று உண்டு, சின்ன வயதில் நீயே கேட்டிருப்பாய். ஷூவை மாற்றிப் போடு, வலதை இடதில், இடதை வலதில். ஷூவின் வளைவு விரலை வெளியே தள்ளும், ஆறு மாதத்தில் கால் நேராகிவிடும். இதை யார் எனக்குச் சொன்னது என்று நினைவில்லை. கோணி விரித்த காலத்தில் பக்கத்தில் விற்றவன் சொல்லியிருப்பான், நான் இன்னொருவனுக்குச் சொல்லியிருப்பேன். நான் சொன்னவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் கால் நேராகத்தான் ஆனது, என் பேச்சால் ஆனது என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். மே பிறந்ததும் கணுக்கால் வரைக்கும் ஏறுகிற கெட்டி ஷூ ஒரு ஜோடி எடுத்து, மாற்றிப் போட்டு, அவள் கழற்றாதபடி லேஸை இரண்டு முடிச்சு போட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். கடைக்குப் பக்கத்தில் செருப்பு தைக்கிற சௌக்கத் அலி பாய் அதைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். அந்தாண்ட கால இந்தாண்ட போட்டா புள்ள எந்தாண்ட போவும் நைனா என்று கேட்டார். உங்களுக்குத் தைக்கத்தான் தெரியும் பாய், எனக்கு நடை தெரியும் என்று சொன்னேன். அவர் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

நடுவில் முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மா ஒருத்தி, கடல் மணலில் குழி தோண்டி முட்டி வரைக்கும் நிற்க வைத்தால் கால் இறுகும் என்று சொல்ல, உன் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் செய்து பார்த்தாள். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ரமாவுக்கு அது ஒரே குஷி, மணலைத்தான் ஒரு வாய் தின்றுவிட்டாள். அன்றைக்கு ஷூ இல்லாமல் ஈர மணலில் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே நின்றாள் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து மறுபடி முடிச்சுப் போட்டேன்.

மூன்று வாரம் போனது. முன்னைவிட அதிகம் விழுந்தாள். ஒரு தடவை தாடையில் அடிபட்டது, உன்னிடம் கொசுக்கடி என்று சொன்னோம், அந்தப் பொய்யில் உன் அம்மாவுக்கும் பங்கு உண்டு. மே கடைசியில் ஒரு காலையில் நான் ஷூவைக் கையில் எடுத்ததும் ரமா என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உட்கார்ந்தாள், பிறகு கையை ஊன்றித் தவழ்ந்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். நடக்கத் தெரிந்த பிள்ளை மதி. வெளியே இழுத்து நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டாள், தரையில் பாதமே படவிடவில்லை. உன் அம்மா அவளை மடியில் போட்டு சாக்ஸைக் கழற்றினாள். இரண்டு சுண்டு விரலிலும் கணுக்கால் எலும்பின் மேலும் தோல் உரிந்து, சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. உன் அம்மா கத்தவில்லை. ஊர்ல கீற காலுக்கெல்லாம் அளவு சொல்ற மனுசன்யா நீ, நம்ம வூட்டுப் புள்ள காலு ரத்தம் கட்டினு கீது, அது உனுக்குத் தெரில என்று மெதுவாகத்தான் சொன்னாள். அந்த ஷூவை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் என் சரக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுத்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தாளை விரித்து, நீலத்தை ஒரு தட்டில் கலந்து வைத்துவிட்டு, அவளாக வருகிறாளா என்று பார்த்தேன். தட்டில் கையை விட்டாள், முட்டியை விட்டாள், தவழ்ந்து போனாள். அதுதான் இரண்டாவது தாள். அதில் உள்ளங்கையும் முட்டியும்தான் இருக்கும், ஒரு பாதம்கூட இருக்காது. அதைப் பார்க்க உனக்குக் கஷ்டமாக இருந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைப் பார். ஆனால் அனுப்பாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை, நல்லதை மட்டும் மேலே வைத்துக் கட்டுகிற வேலையை உன்னிடம் இனி செய்ய மாட்டேன்.

மறுநாளே ராயபுரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் ரமாவைப் படுக்க வைத்து இடுப்பு, முட்டி, பாதம் எல்லாவற்றையும் மடக்கி, திருப்பி, நிதானமாகப் பார்த்தார். புண்ணுக்கு மருந்து எழுதினார். பிறகு நடை பார்க்கிற பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார், ரூபினா என்று பெயர், உன்னைவிட நாலைந்து வயது சின்னவள் இருப்பாள், பேச்சில் நம் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்தது. அவளிடம் நான் முதல் தாளையும் இரண்டாவது தாளையும் காட்டினேன். இரண்டையும் தரையில் விரித்து, குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த மாதிரி யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டினது இல்லை நைனா என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். பெருமை போய்விட்டது.

அவள் திட்டவில்லை. வயிற்றுக்குள் காலை மடக்கிச் சுருண்டு கிடந்த பிள்ளைக்கு முட்டிக்குக் கீழே இருக்கிற எலும்பு கொஞ்சம் உள்பக்கம் திருகியிருக்கும், நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான், நடந்து நடந்து அதுவாகத்தான் நேராகும், நாலைந்து வயதுகூட ஆகலாம், எந்த ஷூவும் எந்தப் பட்டையும் அதைச் சீக்கிரப்படுத்தாது என்று விளக்கமாகச் சொன்னாள். வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள், வெளியே போனால் காலோடு வளைகிற மெத்தென்ற செருப்பு, வலது வலதில், இடது இடதில், அவ்வளவுதான் என்றாள். பார்க்க வேண்டியது எது என்பதையும் சொன்னாள், நீ நர்ஸ், உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். வலி என்று காலைப் பிடித்தாலோ, நொண்டினாலோ, நாளுக்கு நாள் அதிகமானாலோ, ஒரு கால் மட்டும் தனியாக மோசமானாலோ உடனே காட்ட வேண்டும். ரமாவுக்கு இடது கொஞ்சம் கூட என்று சொன்னேன் இல்லையா, அதனால் டிசம்பரில் ஒரு தடவை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று நான் உனக்கு எழுதவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர்கள் சொன்னது இதுதான்.

பிறகு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, பிள்ளையின் அம்மா சின்ன வயதில் எப்படி நடந்தாள் என்று. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், அதுவரைக்கும் எல்லாக் கேள்விக்கும் நான்தானே முந்திக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எப்படி நடந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாதான் சொன்னாள், இதேதான், இதே இடது கால், அஞ்சு வயசு வரைக்கும் வராந்தாவுல எல்லாப் பசங்களும் வாத்து வாத்துன்னு கூப்பிடுவாங்கோ, ஸ்கூல் போனப்புறம் எப்ப நேரா ஆச்சின்னே தெரியாது என்று. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. நீ எங்க இருந்த என்று ஒரே வார்த்தை கேட்டாள். நான் டோல்கேட்டில் இருந்தேன். நீ எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுவேன், வரும்போது நீ தூங்கிவிட்டிருப்பாய். தூங்குகிற பிள்ளையின் பாதத்தைச் சாணால் அளந்து பார்த்துக்கொண்டு மறுநாள் அளவாக ஒரு ஜோடி கொண்டுவந்து வைப்பேன். ஒவ்வொரு வயதிலும் உனக்கு என்ன சைஸ் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் காலில் நீ எப்படி நடந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

புண் ஆறு நாளில் காய்ந்துவிட்டது. ஆனாலும் ரமா எழுந்து நிற்கவில்லை. அவசரப்படுத்தாதீர்கள், பயம் போனால் அவளாக எழுந்துகொள்வாள் என்று ரூபினா சொல்லியிருந்தாள். நான் கடையைப் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் திறந்தேன், ஸ்கூல் ஷூ விற்கிற ஜூனில், யோசித்துப் பார். ஒன்பதாவது நாள் காலையில் வராந்தாவில் அவள் எதிரே நான் என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் பெருவிரல் இரண்டையும் உள்ளே திருப்பிக்கொண்டு அவளைப் போலவே நடந்து காட்டினேன். அறுபத்தொரு வயதில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி நடப்பது லேசு இல்லை, மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தேன். எதிர் வீட்டு தீனா குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, இன்னா நைனா, காலங்காத்தாலயே ஊத்திக்கினியா என்றான். பிளாக் முழுக்கச் சிரித்தது. ரமாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்து எழுந்தாள், என் பின்னால் இரண்டு அடி வைத்தாள், பொத்தென்று உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தேன், பார்த்தால் நின்றுவிடுவாளோ என்று. உன் அம்மா உள்ளேயிருந்து நீலத் தட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்தாள், நான் சொல்லவே இல்லை, ரமா தட்டில் காலை விட்டு மறுபடி எழுந்தாள். மூன்றாவது தாளில் மூன்று பாதமும், பக்கத்தில் ஒரு பெரிய நீலத் தீற்றலும் இருக்கும். தீற்றல் அவள் உட்கார்ந்த இடம்.

கடைச் சேதி ஒன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ராயபுரத்தில் நாங்கள் கிளம்பும்போது ரூபினா வாசல் வரைக்கும் வந்து, இன்னும் எத்தனை புள்ளைங்களுக்கு இதைச் சொல்லி அனுப்பினீங்க நைனா என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கெட்டி ஷூ இருந்த தட்டைக் காலி செய்துவிட்டேன். போன வாரம் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அவள் சின்னவளாக இருந்தபோது அவள் காலுக்கே நான்தான் மாற்றிப் போடச் சொன்னேனாம், அதேபோல் தன் பிள்ளைக்கும் ஒரு ஜோடி கேட்டாள். வேணாம்மா, வெறுங்காலா வுடு, சந்தேகம் இருந்தா டாக்டராண்ட காட்டு, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, இன்னா நைனா, கடைய மூடிட்டுப் போவப் போறியா என்றாள். சௌக்கத் அலி பாய் தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டிருந்தார், ஆனால் தோள் குலுங்கியது, சிரித்தார் என்று நினைக்கிறேன். நினைவில் இருக்கிற மற்றவர்களையும் தேடிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி உன் விஷயம். மறைத்தது நான், அதனால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் அப்பன் என்கிற முறையில் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். காலுக்காக வராதே. கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், உன் கால் பார்த்துக்கொண்ட மாதிரி. ஆனால் பிள்ளையைப் பிரிந்து இருக்க முடியவில்லை என்பதற்காக நீ வந்தால் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், ஏர்போர்ட்டுக்கு நானே வந்து நிற்பேன். உன்னைப் போகச் சொன்னபோது நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது. பிள்ளை நடந்து பழகுவதைப் பார்க்காமல் விட்டவன் நான், அது திரும்பி வராது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நான் பார்க்காமல் விட்டதற்கு யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகப் போனேன். நீ அப்படி இல்லை, நீ ஒவ்வொரு நாளும் கேட்டாய், நான்தான் போனை மேலே தூக்கிப் பிடித்தேன். அங்கே எந்த ஊர்ப் பெரியவர்களையோ கையைப் பிடித்து நடக்க வைத்துவிட்டு வந்து கேட்கிறவளிடம் அதைச் செய்தேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள் கண்ணு. பரீட்சை எழுதுவதா, டிக்கெட் போடுவதா என்பதை இந்த நான்கு தாளையும் பார்த்துவிட்டு நீயே முடிவு செய். அதற்குத்தான் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா சொல்லச் சொன்னது, மழைக்காலம் வருவதற்குள் நல்ல ஷூ வாங்கிக்கொள், ஈரம் உள்ளே இறங்காததாக. நான் சொல்வது, சாயங்காலம் போய் வாங்கு, சாயங்காலத்தில்தான் கால் முழு அளவில் இருக்கும், இது மட்டும் நான் சொன்னதில் தப்பாகாத ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தால் காலை வெந்நீரில் வை. ஒரு வேளையாவது சோறு சாப்பிடு, ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே. பாரியிடம் நீயே இதையெல்லாம் சொல், அவருக்கும் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் உறுதியாக இருக்க வேண்டும், எந்த மண்ணில் நின்றாலும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று புத்தர் படத்துக்கு முன்னால் நானும் உன் அம்மாவும் விளக்கேற்றி வாழ்த்துகிறோம். ரமாவும் கையைக் கூப்பினாள், பிறகு விளக்கை ஊதி அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை வராந்தாத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் தள்ளிப் போய்விடுவோம். அவள் உன்னைப் பார்த்து நடந்து வருவாள், வழியில் ஒரு தடவை விழுவாள், பதறாதே, எழுந்துகொள்வாள். கடைசியாக ஒன்று. நான்காவது தாள் போன ஞாயிறு எடுத்தது, நான் வைத்திருந்ததிலேயே நீளமான தாள். பாதங்கள் இன்னும் உள்ளேதான் பார்க்கும், ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளியைப் பார், அது ஓடின கால். தாளின் ஓரத்தில் வலது பாதத்தோடு நின்றுவிடும், அடுத்த இடது பாதத்தைத் தேடாதே. அது வராந்தாவில் இருக்கிறது. தாள் பத்தவில்லை.

என்றும் உன் நலம் நினைக்கும் அப்பா,
நீலமேகம்